இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, நேரா ஒண்ணு

எங்கள் சீரியல் உலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். வசனக் காட்சிகளை எல்லாம் எடுத்து முடித்த பிறகு, பேக்கப் சொல்வதற்கு முன்னால், டைரக்டர் எல்லா நடிகர்களையும் வரிசையாக நிறுத்தி ரியாக்‌ஷன் எடுப்பார். "அதிர்ச்சி. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, நேரா ஒண்ணு." யாரைப் பார்த்து அதிர்ச்சி, எதற்காக அதிர்ச்சி என்று யாரும் கேட்பதில்லை. பாதிப் பேர் அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டே அதிர்வார்கள். எடிட்டர் அந்த முகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கல்யாணம் நின்றால் ஒன்று, மாமியார் மயங்கி விழுந்தால் ஒன்று என்று வேண்டும்போது எடுத்து ஒட்டிக்கொள்வார்.

இந்த வேலையில் மரியபுஷ்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது. தூத்துக்குடிக்காரி. எங்கள் சீரியல்களின் நிரந்தர அம்மா. இடது, வலது, நேர் மூன்றையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு, "போதுமா, இல்ல இன்னொண்ணு வேணுமா?" என்று கேட்பாள். போதும் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு வடபழனிக்கு ஓடுவாள். புருஷன் இல்லாதவள். மகன் அருள்சீலன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு திறந்திருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அவன் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அவள் அந்த ஓட்டத்தை விடவில்லை.

அவளுக்கு வசனம் எழுதியவள் நான். பெயர் தில்லைநாயகி. மகன் செத்துப்போன செய்தி அம்மாவுக்கு வரும் காட்சியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எல்லாவற்றிலும் ஒரே வசனம்தான். "ஐயோ என் ராசா, என்னைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியே." சில சமயம் ராசாவுக்குப் பதிலாகத் தங்கம் என்று போடுவேன். எழுதும்போது எனக்கே குமட்டும். எழுதி முடித்துவிட்டுக் காப்பி குடிப்பேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் மெய்ப்பாடு என்ற கம்பெனி வந்து நுழைந்தது. அதன் முதலாளி அஷ்வத்துக்கு முப்பது வயது இருக்கலாம். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பேச்சில் அப்படி ஒரு பணிவு, கேட்டாலே கையைக் கழுவிக்கொள்ளத் தோன்றும். டைரக்டர் கோட்டைச்சாமியின் அறையில் மேசைமேல் ஸ்டிக்கர் பொட்டு அளவில், தோலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஒட்டை வைத்து விளக்கினான்.

"இதைக் காதுக்குப் பின்னாடி ஒட்டிக்குவாங்க மேடம். அவங்க வாழ்க்கையில என்ன நடந்தாலும் முகம், மூச்சு, வாயில வர்ற வார்த்தை எல்லாம் பதிவாகும். அதை அப்படியே எடுத்து உங்க நடிகை முகத்துல ஏத்திடுவோம். குரலை மட்டும் நடிகையோடதா மாத்திடுவோம். அவங்க சும்மா நின்னாப் போதும்."

அப்புறம் நான் எதற்கு என்று கேட்டேன். கதைக்குத் தகுந்த மாதிரி பெயர்களை மாற்ற ஒருவர் வேண்டுமே என்றான். கோட்டைச்சாமி சிரித்தார். என்னை வைத்துக்கொண்டே சிரித்தார்.

பதிவுகளை எட்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சிரிப்பு, அழுகை, பயம், கோபம் எல்லாம் நிரம்பி வழிந்தன. ஒரு வகை மட்டும் காலியாக இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அருவருப்பு மேடம். அது மட்டும் கிடைக்கவே மாட்டேங்குது. ஜனங்க இப்ப எதைப் பார்த்தாலும் அருவருப்புப் படுறதில்ல."

முதல் பதிவைப் போட்டுக் காட்டினான். மகன் செத்த செய்தி கேட்கும் தாய். முகம் எங்கள் புது அம்மா நடிகையுடையது. மும்பையிலிருந்து வந்த பெண், அம்மா வேஷத்துக்கு ஒரு நரைமுடிகூட வைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டவள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அந்த முகத்தில் அன்று நான் பார்த்தது வேறு யாருடைய உயிரோ.

வாசலில் நிற்கும் ஆள் செய்தியைச் சொல்கிறான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். லேசாகச் செருமுகிறாள். பிறகு, "சரி, உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. எலுமிச்சம்பழம் இருக்கு, தண்ணி கலந்து தாரேன்" என்று எழுந்து போகிறாள். டம்ளரோடு திரும்பி வந்து அவன் குடித்து முடிக்கும்வரை நிற்கிறாள். அதன் பிறகு கேட்கிறாள்: "அவன் செருப்பு போட்டிருந்தானா?"

அழுகையே இல்லை. எனக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. இருபது வருடமாக நான் எழுதிய அத்தனை 'ஐயோ என் ராசா'வும் நேற்றைய ரசம் மாதிரி ஊசிப்போய் என் மேலேயே நாறின. செய்தி கொண்டு வந்தவனுக்குத் தாகம் எடுக்கும் என்று அந்த நேரத்தில் நினைக்கிற ஒரு தாயை என்னால் கற்பனை செய்யவே முடிந்ததில்லை. பொறாமையாக இருந்தது. முகம் தெரியாத ஒருத்தியின் மகன் சாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அந்த எபிசோட் ஊரையே அழ வைத்தது. பேருந்திலும் மார்க்கெட்டிலும் அந்தச் செருப்பைப் பற்றித்தான் பேசினார்கள். கோட்டைச்சாமி உடனே கதையில் இரண்டாவது மகனையும் கொல்ல முடிவு செய்தார். அதே அம்மாவிடம் இன்னொன்று கிடைக்குமா என்று அஷ்வத்தைக் கேட்டது நான்தான். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் அடக்கி இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னேன். ஒரு டேக் பிடித்துவிட்டால் இன்னொன்று கேட்பது எங்களுக்கு மூச்சு விடுவது போல. கேட்கிற பொருள் என்ன என்று யோசிக்கவே தோன்றவில்லை.

ஒரு வாரத்துக்குள் வந்தது. இன்னும் அடக்கமாக வந்தது. பெற்றவளுக்கு இரண்டு சாவா, பாவி என்று நினைத்துக்கொண்டே பெயரை மாற்றி எழுதினேன். கதையில் மருமகனையும் முடிக்க நினைத்தபோது மூன்றாவது வந்தது. இப்போது முகத்தோடு கையும் பதிவாகிறது என்று அஷ்வத் பெருமையாகச் சொன்னான்.

அது எனக்குத் தெரிந்த கை. செய்தி காதில் விழுந்ததும் அந்தக் கை உயர்ந்து, கட்டைவிரல் நகத்தால் இடது புருவத்தை மெல்லச் சொறிந்தது. கஷ்டமான வசனம் எதைக் கொடுத்தாலும் புஷ்பம் அதைத்தான் செய்வாள். அதை விடு, குளோசப்பில் அசிங்கமாக இருக்கிறது என்று நானே அவளை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ரியாக்‌ஷன்கள் கம்பெனியிலிருந்து வர ஆரம்பித்ததும் எங்கள் பழைய அம்மாக்களுக்கு வேலை போயிருந்தது. புஷ்பம் என்ன செய்கிறாள் என்று நான் விசாரிக்கக்கூட இல்லை.

ஆனால் அவளுக்கு ஒரே மகன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அருள் ஆற்காடு ரோட்டில் பைக்கை நிறுத்தி, "பெரியம்மா, வாங்க இறக்கி விடுறேன்" என்று கூப்பிட்டான்.

நேராக அஷ்வத்தின் அலுவலகத்துக்குப் போனேன். கத்துவேன் என்று எதிர்பார்த்தோ என்னவோ, ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு உட்காரச் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"நிஜமான சாவுக்குக் காத்திருந்தா சீரியல் ஓடுமா மேடம்? ஆளை அனுப்பிச் சொல்ல வைப்போம். அந்த நேரத்துல பையன் போன் கிடைக்காம நாங்க பாத்துக்குவோம். பதிவு முடிஞ்சதும் நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு மருந்து. கடைசி அரைமணி நேரம் அழிஞ்சிடும். சில சூழ்நிலைகளை உருவாக்குவோம்னு அவங்க கையெழுத்து போட்டிருக்காங்க. பையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுறான். யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஒருத்திகிட்ட எத்தனை தடவை இதைச் சொல்லுவீங்க?"

"நல்லா வர்ற வரைக்கும்."

அதைச் சொன்னபோது அவன் குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நாங்கள் பார்த்தது மூன்று. அந்த மூன்றுக்காக அவள் எத்தனை முறை மகனைச் சாகக் கொடுத்தாளோ. சரியாக வராதவற்றைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். நாக்கு தடித்து, வாயில் உமிழ்நீர் ஊறியது. அந்த அறையில் நான் எதையும் தொடவில்லை. ஆனாலும் இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்தேன்.

அஷ்வத் நாற்காலியின் நுனிக்கு வந்தான். கண் பளபளத்தது. "மேடம், இந்த முகம். இதைத்தான் நாங்க இத்தனை நாளா தேடிட்டு இருக்கோம்" என்று ஒரு ஒட்டை என் பக்கம் நகர்த்தினான்.

வெளியே வந்து படிக்கட்டு ஓரமாகக் காறித் துப்பினேன். அப்போதும் வாய் சுத்தமாகவில்லை.

அங்கிருந்து வடபழனி. உச்சி வெயில். புஷ்பம் இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்காமல், வீட்டில் இருப்பது எல்லாவற்றையும் தின்னக் கொடுத்தாள். தனக்குக் கொஞ்ச நாளாக மறதி வந்துவிட்டது என்று அவளே ஆரம்பித்தாள். சிங்க்கில் பிழிந்த எலுமிச்சம்பழத் தோல் கிடக்கிறதாம், பிழிந்தது யாரென்று தெரியவில்லையாம். கழுவாத டம்ளர் ஒன்று கூடுதலாக இருக்கிறதாம். சில நாள் தலையணை ஈரமாக இருக்கிறதாம். அருளிடம் சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவான் என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மெல்லப் பூசி மெழுகவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கட்டைவிரல் நகம் இடது புருவத்துக்குப் போனது.

"நல்லா வந்திருந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. நன்றாக வந்திருந்தது என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் அந்த ஒட்டைப் பிய்த்தாள். தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அடுப்பைப் பற்ற வைத்து அதைத் தீயில் போட்டாள். கருகிய நாற்றம் வீடு முழுக்க நின்றது.

இனி என்ன செய்யட்டும் என்று கேட்டாள். எனக்கு வாழ்நாளில் அவ்வளவு உறுதி வேறு எதிலும் இருந்ததில்லை. அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"யார் வந்து சொன்னாலும் நம்பாத. போன்ல சொன்னாலும் நம்பாத. பேப்பர்ல போட்டாலும் நம்பாத. இவனுங்க எதுக்கும் துணிஞ்சவனுங்க."

அந்த சீரியலை விட்டு வெளியே வந்தேன். பெருமைப்பட ஒன்றுமில்லை. வேறு கம்பெனியின் சீரியலுக்குப் போனேன். அங்கேயும் மெய்ப்பாடுதான். புகார் கொடுக்கப் போன இடத்தில், கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றார்கள். அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி அந்தச் செருப்புக் காட்சியை மூன்று தடவை பார்த்ததாகவும், தன் வீட்டுக்காரி இன்னும் அழுகிறாள் என்றும் சொன்னார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுபடியும் வெயில் காலம் வந்தது. அருள்சீலன் வீட்டுக் கூரைகளில் சோலார் பலகை மாட்டும் வேலையில் இருந்தான். ஒருநாள் காலையில் அவனோடு வேலை பார்க்கும் பையனிடமிருந்து எனக்கு போன் வந்தது. அருளின் போனில் என் நம்பர் பெரியம்மா என்று இருந்ததாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மாடியிலிருந்து விழுந்துவிட்டான், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது என்றான். அம்மாவுக்கு போன் செய்து சொன்னார்களாம். "எந்த சீரியல் தம்பி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முகத்தைப் பார்த்தேன், தொட்டேன். அதற்குப் பிறகுதான் நம்பினேன். அவர்கள் வண்டியில் கொண்டு வரட்டும், அதற்கு முன்னால் அவளிடம் ஒருவர் சொல்லியாக வேண்டும் என்று நான் ஆட்டோவில் முன்னால் போனேன்.

புஷ்பம் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் எலுமிச்சம்பழங்கள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். காலையிலிருந்து ஒரே போனாக வருகிறது, இந்தத் தடவை பெரிய படமாக இருக்கும் போல என்றாள். நான் உட்காராமலே சொன்னேன்.

"புஷ்பம், இது நிஜம். அருள் போயிட்டான். நான் பார்த்துட்டு வரேன்."

அவள் கீரையை விடவில்லை. "நீங்கதானக்கா யார் சொன்னாலும் நம்பாதன்னு சொன்னீங்க."

"அந்த ஒட்டை நீதான எரிச்ச? என் கண் முன்னாடி எரிச்ச."

"மறுபடி ஒட்டுறதுக்கு நானே சரின்னு சொல்லியிருப்பேன். சொன்னதையும் அழிச்சிருப்பாங்க. எனக்கு எப்படித் தெரியும்?" காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டாள். அங்கே பழைய தழும்பு மட்டும்தான் இருந்தது. "இப்பல்லாம் தோலுக்கு அடியிலேயே வெச்சிடுறாங்களாமே."

அருளுக்கு போன் செய்து பார்த்திருக்கிறாள். எடுக்கவில்லை. அந்த நேரத்தில் எடுக்காமல் பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னதும் நான்தான். அவளை நம்ப வைக்க ஒரு வாக்கியம் தேடினேன். ஆயிரக்கணக்கான பக்கம் எழுதியவள் நான். வாயில் வந்தது ஒவ்வொன்றும் ஏதோ ஒரு எபிசோடில் யாரோ பேசியதாக இருந்தது. சாமி சத்தியமா என்றேன். அதையும் நான் எழுதியிருக்கிறேன், அவள் பேசியிருக்கிறாள். கடைசியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் முகத்தைத் தொழில் தெரிந்தவளின் கண்ணோடு கவனித்துப் பார்த்தாள்.

"நல்லா அழுறீங்க. உங்களையும் ஆளா அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்களா? அவ்வளவு கஷ்டமாக்கா உங்களுக்கு?"

அவள் குரலில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. என் வேலை போய்விடக் கூடாதே என்று நினைத்திருக்க வேண்டும். முறத்தை நகர்த்திவிட்டு எழுந்தாள். சேலையைச் சரிசெய்தாள். நெஞ்சில் இரண்டு கையையும் வைத்தாள்.

"ஐயோ என் ராசா, என்னைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியே."

என் வசனம். ஒரு எழுத்து பிசகவில்லை. இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை, நேராக ஒன்று. கண்ணில் தண்ணீர் அளவாக நின்றது. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. உலகத்தில் எந்தத் தாய்க்கும் வாயில் வராத அந்த அழுகிப்போன வசனத்தை, அவள் மகன் செத்த நாளில், எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று பேசினாள்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதுமா, இல்ல இன்னொண்ணு வேணுமா?" என்றாள்.

தெருவில் வண்டி வந்து நின்றது. அருளோடு வேலை பார்த்த பையன்கள் நான்கைந்து பேர் ஸ்ட்ரெச்சரை இறக்கி வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளே கொண்டு வருவதா வேண்டாமா என்று தெரியாமல் வெயிலிலேயே நின்றார்கள். புஷ்பம் போய் துணியை விலக்கிப் பார்த்தாள். தலையை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். ஒரு விரலால் அவன் கன்னத்தைத் தொட்டாள். விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

பிறகு அவள் கை மெல்ல உயர்ந்து இடது புருவத்துக்குப் போனது.

லேசாகச் செருமினாள். "வெயில்ல தூக்கிட்டு வந்திருக்கீங்க. உள்ள வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது. டம்ளர்களைக் கொண்டு வந்து ஒவ்வொரு பையனுக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். அவர்கள் குடித்து முடிக்கும்வரை நின்றாள். அப்புறம் ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டுக்குப் போய்த் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்.

"செருப்பு எங்க?"

அப்போதுதான் எனக்குள் ஒருத்தி சொன்னாள்: முன்னால் வந்த எல்லாவற்றையும்விட இது நன்றாக வந்திருக்கிறது.

டம்ளரை வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்தேன், முகத்தைக் கழுவினேன். எனக்குள் இருந்தவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.